காலம் மாறினால் ப்ரிபோசிஷனும் மாறுமா?

கேள்வி: நான் தமிழ்வழியில் படித்தவள். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 'கோ, வென்ட், கான்' என்று வினைச்சொற்களின் மூன்று வடிவங்களையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால், அந்த வினைக்குப் பின்னால் எந்த ப்ரிபோசிஷன் போடுவது என்பதில் தடுக்கி விழுகிறேன். போன வாரம் நான் எழுதிய நான்கு வரியில் எட்டு இடத்தில் சிவப்புக் கோடு போட்டு மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். என்ன தப்பு என்று சொல்லவில்லை. அந்த வரிகள் இவை:

'பிஃபோர் டூ டேஸ் வி டிஸ்கஸ்ட் அபவுட் தி டிலே. ஐ எக்ஸ்ப்ளெய்ன்ட் ஹிம் தி ரீசன் அண்ட் ரிக்வெஸ்டட் ஃபார் மோர் டைம். ஹி டிட் நாட் லிசன்ட் மி. தி ஃபைல் ஐ வெயிட்டட் கேம் ஆன் லாஸ்ட் ஃப்ரைடே.'

இறந்தகால வினை ஒவ்வொன்றுக்கும் எந்த ப்ரிபோசிஷன் என்று ஒரு பட்டியல் தர முடியுமா? நிகழ்காலத்துக்கு ஒன்று, இறந்தகாலத்துக்கு வேறொன்று என்று மாறுமா?

— ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாறாது. 'வெயிட்' என்ற வினை 'ஃபார்' என்பதைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்றால், 'வெயிட்ஸ் ஃபார்', 'வெயிட்டட் ஃபார்', 'ஹேட் வெயிட்டட் ஃபார்' என்று எந்தக் காலத்திலும் அதே 'ஃபார்'தான். நம் மொழியிலும் அப்படித்தானே? 'அவனுக்காகக் காத்திருக்கிறேன், அவனுக்காகக் காத்திருந்தேன், அவனுக்காகக் காத்திருப்பேன்.' காலம் வினையின் வாலில் மட்டும் மாறுகிறது. 'அவனுக்காக' இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. ஆகவே இறந்தகாலத்துக்கென்று தனிப் பட்டியல் இருக்க வழியில்லை. அந்தத் தேடலை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் பாதிச் சுமை இறங்கிவிடும்.

மீதிச் சுமைக்கு வருவோம். பள்ளியில் வேற்றுமை உருபுகள் படித்திருப்பீர்கள்: ஐ, ஆல், கு, இன், அது, கண். இந்த உருபுகள் தமிழில் செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் ப்ரிபோசிஷன் செய்கிறது. நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் பெயருக்கு முன்னால் வைக்கிறார்கள். பழைய ஆங்கிலத்திலும் நம்மைப் போலவே பெயர்ச்சொல்லின் கடைசியில் வேற்றுமை விகுதிகள் இருந்தன. சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பிருந்து அவை படிப்படியாகத் தேய்ந்து உதிர்ந்தன. உதிர்ந்த இடத்தில் முன்னால் வந்து நின்று வேலையை ஏற்றுக்கொண்டவைதான் இந்தச் சின்னச் சொற்கள். 'ஹி' என்பது 'ஹிம்' ஆவதும் 'ஹூ' என்பது 'ஹூம்' ஆவதும் அந்தப் பழைய விகுதிகளின் மிச்சம்.

வேலை ஒன்றுதான், ஆனால் நம் உருபும் அவர்களுடைய ப்ரிபோசிஷனும் ஒன்றுக்கு ஒன்று சரியாகப் பொருந்துவதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 'பாட்டைக் கேட்டேன்', 'படத்தை உற்றுப் பார்த்தேன்', 'சாவியைத் தேடினேன்', 'அறையை அடைந்தேன்.' நான்கிலும் ஒரே 'ஐ'. ஆங்கிலத்தில் முதலாவது 'லிசன்ட் டு', இரண்டாவது 'லுக்ட் அட்', மூன்றாவது 'லுக்ட் ஃபார்', நான்காவது 'ரீச்ட்', அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ஆக, நீங்கள் இலக்கணம் தெரியாமல் தவறு செய்யவில்லை. தமிழ் இலக்கணத்தை ஆங்கில வரிக்குள் சரியாகப் பின்பற்றியிருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிற இத்தனை ஆண்டுகளில் இந்த வித்தியாசத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். தாய்மொழி நன்றாக உள்ளே இறங்கியவர்களுக்குத்தான் இந்தத் தவறுகள் இவ்வளவு ஒழுங்காக வரும்.

அதே தமிழைத் துணைக்கு அழைத்தே இதைச் சரிசெய்யலாம் என்பது என் அனுபவம். ஆங்கில வினைக்கு நேரான தமிழ் வினையைக் கொஞ்சம் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வரிகளிலேயே பார்ப்போம்.

'டிஸ்கஸ்' என்றால் விவாதித்தல் என்று மனதில் வைத்திருக்கிறீர்கள். 'தாமதத்தைப் பற்றி விவாதித்தோம்' என்று தமிழில் ஓடுகிறது. அந்தப் 'பற்றி'தான் 'அபவுட்' ஆகி உள்ளே புகுந்துவிட்டது. இனி 'டிஸ்கஸ்' என்றால் அலசுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தாமதத்தை அலசினோம்.' இங்கே 'பற்றி' வர இடமே இல்லை. இது வசதிக்காக நான் கட்டிய பொருளும் இல்லை. அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கே உதறிப் பிரித்தல் என்றுதான் பொருள். உதறுகிற பொருளை நேராகக் கையில் பிடித்துத்தானே உதறுவோம்? 'வி டிஸ்கஸ்ட் தி டிலே.' 'டிஸ்கஸ்ட் அபவுட்' என்று பல நாடுகளில் பேச்சில் புழங்குவது உண்மை. ஆனால் அலுவலக எழுத்தில் அது இன்னும் பிழையாகத்தான் பார்க்கப்படுகிறது.

'ரிக்வெஸ்ட்' என்பதைக் கோருதல் என்று வையுங்கள். 'அவகாசம் கோரினேன்' என்போம். 'அவகாசத்துக்காகக் கோரினேன்' என்று யாரும் சொல்வதில்லை. 'ரிக்வெஸ்டட் மோர் டைம்.'

இந்த இரண்டு இடத்திலும் நீங்கள் வழுக்கியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது ஒன்று பிடிபட்டால் பத்துப் பதினைந்து வினைகள் ஒரே நாளில் வசப்படும். 'ரிக்வெஸ்ட்' பெயர்ச்சொல்லாக வரும்போது 'ஃபார்' வேண்டும்: 'எ ரிக்வெஸ்ட் ஃபார் மோர் டைம்.' வினையாக வரும்போது வேண்டாம். அப்படியே 'எ டிஸ்கஷன் அபவுட் தி டிலே' சரி, 'டிஸ்கஸ்ட் அபவுட்' தவறு. 'ஆன் ஆன்சர் டு தி கொஸ்சன்', ஆனால் 'ஆன்சர்ட் தி கொஸ்சன்'. 'எ விசிட் டு தி சைட்', ஆனால் 'விசிட்டட் தி சைட்'. 'எம்ஃபசிஸ் ஆன் குவாலிட்டி', ஆனால் 'எம்ஃபசைஸ்ட் குவாலிட்டி'. 'லாக் ஆஃப் டைம்', ஆனால் 'லாக்ட் டைம்'. 'ஆன் ஆர்டர் ஃபார் டூ டேபிள்ஸ்', ஆனால் 'ஆர்டர்ட் டூ டேபிள்ஸ்'. பெயராக நின்றபோது காதில் விழுந்த சின்னச் சொல், வினையாக மாறும்போதும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. எல்லா வினையும் இந்தக் குடும்பம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'ரிப்ளை' எப்படி வந்தாலும் 'டு' கேட்கும். 'ஐ ரிப்ளைட் டு யுவர் மெயில்' என்றுதான் எழுத வேண்டும். 'ஐ ரிப்ளைட் யுவர் மெயில்' கூடாது. இது 'அஞ்சலுக்குப் பதில் எழுதினேன்' என்ற 'கு'வோடு அழகாகப் பொருந்துகிறது.

அடுத்தது 'எக்ஸ்ப்ளெய்ன்ட் ஹிம்'. 'அவருக்குக் காரணத்தை விளக்கினேன்' என்று தமிழில் 'கு' இருக்கிறதல்லவா? அந்தக் 'கு'வை இங்கே விடக் கூடாது. 'ஐ எக்ஸ்ப்ளெய்ன்ட் தி ரீசன் டு ஹிம்.' பொருள் முதலில், ஆள் பிறகு. 'கேவ் ஹிம்', 'ஷோட் ஹிம்', 'டோல்ட் ஹிம்' என்று 'டு' இல்லாமலே வருகிற வினைகளைப் பார்த்துத்தான் இதையும் அப்படி எழுதியிருப்பீர்கள். 'எக்ஸ்ப்ளெய்ன்', 'சஜஸ்ட்', 'டிஸ்க்ரைப்', 'சே' ஆகியவை அந்த வரிசையில் சேராதவை. 'சொன்னேன்' என்ற ஒரே தமிழ்ச் சொல் அங்கே இரண்டாகப் பிரிவதைப் பாருங்கள்: 'ஐ டோல்ட் ஹிம்', 'ஐ செட் டு ஹிம்'.

மூன்றாவது வரியில் இரண்டு தவறு. 'லிசன்' என்பதைக் கேட்டல் என்று எடுத்தால் 'டு' கிடைக்காது. செவிசாய்த்தல் என்று எடுங்கள். 'எனக்குச் செவிசாய்க்கவில்லை.' 'கு' வந்துவிட்டது, 'டு'வும் வந்துவிடும். இன்னொன்று, 'டிட் நாட் லிசன்ட்'. இறந்தகாலத்தை ஒரு முறைதான் காட்ட வேண்டும். 'டிட்' ஏற்கெனவே அதைக் காட்டிவிட்டது. 'ஹி டிட் நாட் லிசன் டு மி.' இதே காரணத்தால்தான் 'ஹி வென்ட் டு பாட்' என்று எழுதக் கூடாது, 'ஹி வென்ட் டு பை' என்றே எழுத வேண்டும். 'வாங்கப் போனான்' என்று சொல்லிப் பாருங்கள். 'போனான்' மட்டும்தான் காலம் காட்டுகிறது, 'வாங்க' அப்படியே நிற்கிறது.

இறந்தகாலம் நிஜமாகவே குறுக்கே வந்து நிற்கிற இடம், நேரத்தைச் சொல்கிற இடம். 'இரண்டு நாளைக்கு முன்பு' என்பதை 'பிஃபோர் டூ டேஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் 'முன்பு' ஒன்றே இரண்டு வேலை பார்க்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலைகளுக்குத் தனித்தனிச் சொல். இப்போது நான் நிற்கிற நொடியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'அகோ', அதுவும் கணக்குக்குப் பின்னால்: 'டூ டேஸ் அகோ.' வேறொரு நிகழ்ச்சியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'பிஃபோர்': 'டூ டேஸ் பிஃபோர் தி ஆடிட்.' ஆடிட் என்ற முளை அங்கே அடித்திருக்கிறது, அதிலிருந்து இரண்டு நாள் பின்னால் போகிறீர்கள். முளை எதுவும் இல்லாமல் 'பிஃபோர் டூ டேஸ்' என்றால் வாசிப்பவர் எதற்கு முன்பு என்று தேடத் தொடங்கிவிடுவார்.

வெள்ளிக்கிழமைக்கு 'ஆன் ஃப்ரைடே' சரி. ஆனால் கிழமைக்கு முன்னால் 'லாஸ்ட்' வந்துவிட்டால் 'ஆன்' போய்விட வேண்டும். 'லாஸ்ட் ஃப்ரைடே', 'லாஸ்ட் இயர்', 'யெஸ்டர்டே', 'தட் டே' எல்லாம் தனியாகவே நிற்கும். 'நேற்று வந்தான்' என்பதில் 'நேற்று'க்கு நாம் உருபு சேர்க்கிறோமா?

உங்கள் வரிகளில் இல்லாவிட்டாலும் 'சின்ஸ்' பற்றியும் சொல்லிவிடுகிறேன், அலுவலகக் கடிதங்களில் அது வராமல் இருக்காது. ஒரு செயல் 2018-இல் தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருந்தால் 'ஹி ஹாஸ் வொர்க்ட் ஹியர் சின்ஸ் 2018'. 'ஹாஸ்' இல்லாமல் 'வொர்க்ட் சின்ஸ்' என்று எழுதக் கூடாது. 'ஃபார்' வந்தால் இரண்டு விதமாகவும் எழுதலாம், பொருள்தான் வேறு. 'ஹி வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால் ஐந்து வருடம் இங்கே வேலை பார்த்தார், இப்போது இல்லை. 'ஹி ஹாஸ் வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால் இன்னும் இங்கேதான் இருக்கிறார். ஒரு 'ஹாஸ்' விட்டுப்போனதால் பக்கத்து மேசையில் இருப்பவரை வேலையை விட்டுப் போனவராக்கிவிடக் கூடாது.

நான்காவது வரியின் 'தி ஃபைல் ஐ வெயிட்டட்' எனக்கு மிகவும் பிடித்த தவறு. அதற்குள் முழுத் தமிழ் இருக்கிறது. 'நான் கோப்புக்காகக் காத்திருந்தேன்' என்பதை 'நான் காத்திருந்த கோப்பு' என்று திருப்பிப் போடும்போது, அந்தக் 'காக' எங்கே போனது? மறைந்துவிட்டது. 'வீட்டில் வாழ்ந்தேன், வாழ்ந்த வீடு', 'பேனாவால் எழுதினேன், எழுதிய பேனா.' பெயரெச்சத்தில் உருபை விழுங்கிவிடுவது தமிழின் இயல்பு. ஆங்கிலம் விழுங்காது. பெயரை முன்னால் இழுத்துக்கொண்டு போனாலும் ப்ரிபோசிஷன் வினையின் அருகிலேயே காவல் நிற்கும்: 'தி ஹவுஸ் ஐ லிவ்ட் இன்', 'தி பென் ஐ ரோட் வித்', 'தி ஃபைல் ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார்'. வாக்கியத்தின் கடைசியில் ப்ரிபோசிஷன் வரக் கூடாது என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் அதைக் கேட்க வேண்டாம். நல்ல ஆங்கிலத்தில் அது எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

'பேனாவால்' என்றதும் 'ஆல்' நினைவுக்கு வருகிறது. மூன்றாம் வேற்றுமை செய்தவனையும் காட்டும், கருவியையும் காட்டும். 'குழுவால் தயாரிக்கப்பட்டது', 'சாவியால் திறக்கப்பட்டது.' இரண்டுக்கும் 'பை' போடத் தோன்றும். செய்த ஆளுக்கு 'பை', கையில் பிடித்த கருவிக்கு 'வித்': 'வாஸ் பிரிபேர்ட் பை தி டீம்', 'வாஸ் ஓபன்ட் வித் எ கீ'. 'ஐ சைன்ட் பை பென்' என்று நான் திருத்தாத மாதமே இல்லை. 'காய்ச்சலால் இறந்தார்' என்ற காரண 'ஆல்'க்கு வேறொன்று, 'டைட் ஆஃப் ஃபீவர்'.

தமிழ் வினையைக் கொண்டு பிடிக்கும் வழி எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் மறைக்க மாட்டேன். 'அறைக்குள் நுழைந்தேன்' என்பதில் 'குள்' இருக்கிறது, 'என்டர்ட் தி ரூம்' என்பதில் எதுவும் இல்லை. ஒப்பந்தம் போட்டால் மட்டும் 'என்டர்ட் இன்டு ஆன் அக்ரிமென்ட்'. 'அரைவ்' என்பதோடு 'டு' சேர்க்கவே கூடாது, 'அரைவ்ட் அட் தி ஆஃபிஸ்', 'அரைவ்ட் இன் தி சிட்டி'. அதன் வேரில் இருப்பது கரை என்ற லத்தீன் சொல். 'கரைசேர்ந்தான்' என்று நாம் சொல்வதேதான். கரை சேர்ந்த பிறகு பயணம் கிடையாது, இருக்கும் இடம் மட்டும்தான் உண்டு. அதனால் போகிற திசையைக் காட்டும் 'டு' அங்கே ஒட்டவில்லை. 'யூஸ்ட் டு' இன்னொரு பொறி. 'ஐ யூஸ்ட் டு ரைட்' என்றால் முன்பெல்லாம் எழுதுவேன். 'ஐ வாஸ் யூஸ்ட் டு ரைட்டிங்' என்றால் எழுதிப் பழகியிருந்தேன். இரண்டாவதில் இருக்கும் 'டு'தான் ப்ரிபோசிஷன், அதனால்தான் பின்னால் 'ரைட்டிங்' வருகிறது.

ஒரே வினை ப்ரிபோசிஷனை மாற்றிக்கொண்டு பொருளையே மாற்றுவதும் உண்டு. வகுப்பில் ஒரு தாளைக் கசக்கி உருண்டையாக்கி ஒரு மாணவரிடம் கொடுப்பேன். 'த்ரோ இட் டு மி' என்பேன். அவர் நான் பிடிக்கிற மாதிரி மெதுவாகப் போடுவார். அடுத்து 'த்ரோ இட் அட் மி' என்பேன். ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது தெரியும். முதலாவது என்னிடம் வீசுவது, இரண்டாவது என்மேல் வீசுவது. 'ஷாட் தி பேர்ட்' என்றால் குண்டு பறவை மேல் பட்டது. 'ஷாட் அட் தி பேர்ட்' என்றால் குறி வைத்துச் சுட்டார், பட்டதா என்று சொல்லவில்லை. கணக்குப் பிரிவில் இருக்கிற உங்களுக்கு இன்னும் நெருக்கமானது 'பே'. 'பெய்ட் தி பில்', 'பெய்ட் தி சப்ளையர்' என்று ரசீதுக்கும் ஆளுக்கும் நேராகவே வரும். வாங்கிய பொருள் வந்தால்தான் 'ஃபார்': 'பெய்ட் ஃபார் தி பேப்பர்.'

பட்டியல் ஏன் தரவில்லை என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். 'லிசன், டு' என்று இரண்டு கட்டத்தில் எழுதி மனப்பாடம் செய்தால் எழுதுகிற அவசரத்தில் 'லிசன்' மட்டும்தான் கைக்கு வரும். 'ஹி லிசன்ட் டு மி' என்று முழு வாக்கியமாக, உங்கள் வேலையில் உண்மையிலேயே வருகிற வாக்கியமாக, ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் போதும், ஆனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் சாதாரண ஆங்கில-தமிழ் அகராதியைப் புரட்டாதீர்கள், அது பொருளோடு நின்றுவிடும். கற்பவர்களுக்கான ஆங்கில அகராதியைப் பாருங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, தன் சகாக்களுடன் சேர்ந்து 1942-இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதி இவற்றில் முன்னோடி. ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948-இல் மறுவெளியீடு செய்தது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களை மனதில் வைத்து எழுதியதால், ஒவ்வொரு வினையும் வாக்கியத்தில் எப்படி அமையும் என்பதை அது காட்டியது. இன்றைய பதிப்புகளில் வினைக்குப் பக்கத்திலேயே அதன் ப்ரிபோசிஷன் தடித்த எழுத்தில் இருக்கும்.

உங்கள் நான்கு வரிகளும் திருத்திய பிறகு இப்படி நிற்கின்றன:

'டூ டேஸ் அகோ வி டிஸ்கஸ்ட் தி டிலே. ஐ எக்ஸ்ப்ளெய்ன்ட் தி ரீசன் டு ஹிம் அண்ட் ரிக்வெஸ்டட் மோர் டைம். ஹி டிட் நாட் லிசன் டு மி. தி ஃபைல் ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார் கேம் லாஸ்ட் ஃப்ரைடே.'

இதை இன்றே நாலைந்து தடவை சத்தமாக வாசியுங்கள். கடைசி வரியில் 'ஃபார்', 'கேம்' இரண்டும் அடுத்தடுத்து மோதுவது முதலில் காதுக்கு உறுத்தும். 'ஃபார்' வரைக்கும் ஒரே மூச்சில் போய், அங்கே ஒரு நொடி நிறுத்தி, பிறகு 'கேம்' சொல்லுங்கள்.